உள்ளே ஆள் இருக்கையில்

இந்தக் கதையில் வருகிற பூட்டை வாங்கியவன் ராஜபாண்டியன்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன் பிள்ளைகளா. இல்லாவிட்டால் அவன் பெண்டாட்டி சொர்ணலட்சுமியைப் பொல்லாதவள் என்று நினைத்துவிடுவீர்கள். மதுரைப் பக்கம் ஒரு மறுவாழ்வு மையத்தில் குடியை விட்டுவிட்டு வந்தான் அவன். கூட்டி வரப் போயிருந்தவள் அவள். சிவகாசி பஸ் நிலையத்தில் இறங்கியதும் நேரே இரும்புக் கடைக்குள் நுழைந்து, உள்ளங்கை அகலத்தில் ஒரு பித்தளைப் பூட்டை வாங்கி, சாவிகளை அவள் கையில் திணித்தான்.

"நீ வேலைக்குப் போகையில என்னைய உள்ள வச்சுப் பூட்டிட்டுப் போ."

"என்ன பேச்சு இது? நீங்க என்ன மாடா, கட்டிப் போட்டுட்டுப் போறதுக்கு?"

"மாடு அவுத்துக்கிட்டுப் போனா வயக்காட்டுக்குப் போகும். எங் காலு எங்கன போகும்னு உனக்குத் தெரியாதா?"

தெரியும். அதனால் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ராஜபாண்டியன் வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்குகிறவன். வெயில் ஏறிவிட்டால் மருந்தைத் தொடக் கூடாது. அதனால் மருந்துக்காரர்கள் விடிந்ததும் விடியாததுமாகக் கலக்க ஆரம்பித்து, உச்சிப் பொழுதுக்கு முன்னால் வேலையை முடித்துவிடுவார்கள். காதோரமெல்லாம் அலுமினியப் பொடி மினுங்க, தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். ஊரே வேலை செய்துகொண்டிருக்கும்போது அவர்கள் கையில் மட்டும் ஒரு முழு மத்தியானம் மிச்சமிருக்கும். அவர்களைக் கொண்டுவந்து விடுகிற வேன் ஆனைக்குட்டம் ரோடு பிரிகிற விலக்கில், மதுக்கடைக்கு எதிரே, யாரும் சொல்லாமலே நிற்கும். நெஞ்சில் ஒட்டின மருந்து இறங்க வேண்டுமானால் ஒரு குவாட்டர் உள்ளே போயாக வேண்டும் என்று அவனுக்கு முன்னால் கலக்கியவர்கள் சொன்னார்கள். அவனும் மருந்தென்று நினைத்துத்தான் குடிக்க ஆரம்பித்தான்.

மையத்தில் எவாஞ்சலின் என்று ஒரு நர்ஸ். நல்ல பெண். ஊருக்குக் கிளம்புகிற அன்று அவனை உட்கார வைத்துப் பேசினாள்.

"அண்ணே, உங்களுக்குப் பொல்லாத நேரம் எது? ராத்திரியா?"

"இல்ல சிஸ்டர். ராத்திரி பொண்டாட்டி பிள்ள கூட இருக்கும். மத்தியானம் நான் மட்டுந்தான்."

"அப்ப காலையில எந்திரிச்சதும் பாயைச் சுருட்டுங்க. வயித்தக் காயப் போடாதீங்க. அந்த மத்தியானத்துக்கு மட்டும் முன்கூட்டியே ஒரு வேலை வச்சிருங்க. சாப்பிட்டுட்டு நடங்க. எங்கயாவது நடங்க. சும்மா கெடந்தா காலு பழகின பாதையிலதான் போகும்."

அவன் மனதில் அப்போதே ஓர் இடம் வந்து நின்றது. அவர்கள் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்பினால் விலக்கு, கடை. வலப்பக்கம் திரும்பினால் ஆனைக்குட்டம் அணைக்கரை. கரை மேல் ஏறி, மதகு வரை போய்த் திரும்பலாம்.

ஆனால் பூட்டச் சொன்னதும் அவன்தானே? மருந்து கலக்கப் போகாமல் கொஞ்ச நாள் வீட்டோடு இருப்பது என்று நினைத்துச் சொன்னான். அந்தக் கொஞ்ச நாள் நீண்டு, சித்திரை போய், வைகாசி போய், ஆடிக்காற்றும் வந்துவிட்டது.

காலையில் எழுந்து பாயைச் சுருட்டுவான். குழாயடியில் தண்ணீர் பிடித்து வருவான். மகள் ஹர்ஷினிக்கு டிபன் பாத்திரம் கழுவி வைப்பான். கம்பெனி வேன் ஹாரன் கேட்டதும், பட்டாசு வேலைக்குக் கிளம்புகிற சொர்ணம் அவன் செருப்பை எடுத்துப் பரண் மேல் போடுவாள். போனைத் தன் பையில் வைத்துக்கொள்வாள். போன் இருந்தால் பழைய கூட்டாளிகள் கூப்பிடுவார்கள். பிறகு பூட்டு விழும். "டொக்". அந்தச் சத்தத்தோடு அவன் பகல் ஆரம்பிக்கும்.

ஒற்றை அறை, அதற்குள் தடுப்பு வைத்த அடுப்படி, குளிக்கிற இடம். பின்பக்கம் சுவர்தான். தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். அவன் காய் நறுக்கினான், குழம்பு வைத்தான், விளக்கின பாத்திரத்தையே மறுபடி விளக்கினான். பிறகு நடந்தான். காலண்டர் தொங்குகிற சுவரிலிருந்து பீரோ வரை, பீரோவிலிருந்து காலண்டர் வரை. திரும்புகிற இடத்தில் சிமெண்டுத் தரை வழவழப்பாகிவிட்டது. மத்தியானம் வந்தால் நாக்கில் நீர் ஊறும். அப்போது கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துகொள்வான். கதவு அசையாது. அது ஆறுதலாகவும் இருந்தது, மூச்சு முட்டுவதாகவும் இருந்தது.

சொர்ணத்துக்கு மட்டும் சுகமா? குழாயடியில் ஒருத்தி, "ஏ சொர்ணம், ரேசன் அரிசியத் தொறந்து போட்டுட்டு வாற, புருசனை மட்டும் பூட்டிட்டு வாறியே! எங்க வீட்டு ஆளைப் பூட்டினா பூட்டையும் வித்துக் குடிச்சிருவான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். சொர்ணமும் சிரித்துவிட்டு, குடத்தை நிரம்புவதற்கு முன்பே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

ஒருநாள் சாப்பிடும்போது அவன் மெல்லக் கேட்டான்.

"மத்தியானம் நடக்கச் சொன்னாகளே சொர்ணம். கரை வரைக்கும் போயிட்டு வந்திருவேன்."

"தீபாவளி முடியட்டும்."

"தீபாவளிக்கு இன்னும் எம்புட்டு நாளு கெடக்கு!"

"கெடக்கட்டும். இப்ப நல்லாத்தான இருக்கீக? நல்லா இருக்கிறத எதுக்குக் கலைக்கணும்?"

நல்லாத்தான் இருந்தான். ஆனால் நன்றாக இருப்பது தானா பூட்டா என்று அவனுக்கே தெரியவில்லை. அதை எப்படிச் சொல்வது? சொன்னால் பயந்துவிடுவாள்.

"அந்தச் சன்னலையும் தகரம் வச்சு அடைச்சிரலாமான்னு பாக்கேன்," என்றாள் அவள். "கண்ட பயலும் வந்து எட்டிப் பாக்கான்."

"அதை மட்டும் விட்டுரு தாயி," என்றான். பெண்டாட்டியைத் தாயி என்று அவன் கெஞ்சிக் கேட்டது அன்றைக்குத்தான்.

அப்புறம் ஆடி மாதத்து மத்தியானம் ஒன்று. காற்று மண்ணை வாரி இறைத்துக்கொண்டிருந்தது. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் ஒரு முகம் வந்து நின்றது. காதும் புருவமும் வெள்ளியாக மினுங்கின. கூட மருந்து கலக்குகிற முனியராஜ்.

"ஏலே ராசு! உசுரோட இருக்கியாலே?"

"இருக்கேன். கதவைத்தான் பூட்டியிருக்கு, வாயைப் பூட்டல."

"மதினி நல்ல கனமான பூட்டாத்தான் போட்டிருக்காக. கம்பெனி குடோனுக்குக்கூட இம்புட்டுப் பெரிசு கெடையாது." கம்பியைப் பிடித்துக்கொண்டு உற்றுப் பார்த்தான். "என்னலே, மூஞ்சி வெளுத்துப் போய்க் கெடக்க? போர்மேன் தெனமும் உன்னைத்தான் கேக்காரு. சீசன் நேரத்துல புதுப் பயலுகளை வச்சுக் கலக்க பயமா இருக்குங்காரு."

"சொல்லிப் பாத்துக்கிடுதேன்."

"அது சரி, நெஞ்சுல அப்பிக் கெடந்த மருந்து? அதை எடுத்துட்டாங்களா ஆஸ்பத்திரியில?"

"சாராயத்துல அதெல்லாம் எறங்காதாம்லே. நாம நம்பினது பொய்யாம்."

"சொல்லுவாங்க. அவங்களா பொடியை மோந்தாங்க?" முனியராஜ் வேட்டி மடிப்பிலிருந்து ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்து, கம்பி இடுக்கு வழியாக உள்ளே ஜன்னல் திட்டில் வைத்தான்.

ராஜபாண்டியன் இரண்டடி பின்னால் போனான். "எடுத்துட்டுப் போ முனியா. எனக்கு வேண்டாம்."

"குடிக்க வேண்டாம்லே. சும்மா இருக்கட்டும். அடைஞ்சு கெடக்கிற மனுசனுக்குக் கையில ஒண்ணு இருந்தா ஒரு தைரியம்."

"ஏலே, எடுத்துட்டுப் போங்கேன்ல!"

தெருமுனையில் வேன் ஹாரன் அடித்தது. "இந்தா வந்துட்டேன்" என்று ஓடிவிட்டான் முனியராஜ். அவனைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. பாசத்தில் செய்தான். அதுதான் கொடுமை.

ராஜபாண்டியனும் பாட்டிலும் அந்த வீட்டுக்குள் தனியாக நின்றார்கள்.

ஜன்னல் வழியாக வெளியே போட்டுவிடலாம் என்று கையை நீட்டினான். போட்டால் எங்கே விழும்? வாசலில். ராஜபாண்டியன் வீட்டு ஜன்னலுக்குக் கீழே பாட்டில் கிடக்கிறது என்று ஹர்ஷினி பள்ளிக்கூடம் விட்டு வருவதற்குள் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். குளிக்கிற இடத்தில் ஊற்றிவிடலாமா? அந்தத் தண்ணீர் வாசல் சாக்கடையில் வந்துதான் விழும். நெடி போகாது. குப்பைக்கூடையில் போட்டால் குப்பையைக் கொட்டுகிறவள் சொர்ணம். எங்கும் போடாமல் வைத்திருந்து, வந்ததும் காட்டி உண்மையைச் சொல்லலாம். சொன்னால் நாளைக்கே தகரம் வரும். ஜன்னல் போய்விடும்.

அரிசி டிரம்முக்குள் புதைத்தான். புதைத்த இடத்திலிருந்து கண்ணை எடுக்க முடியவில்லை. தோண்டி எடுத்தான். கம்பெனியில் வீணாய்ப் போன மருந்தைத் தண்ணீர்த் தொட்டியில் போட்டு ஊற வைப்பார்கள், பிறகு அது வெடிக்காது. பழகின கை யோசிக்காமல் பாட்டிலை வாளித் தண்ணீருக்குள் அமுக்கிவிட்டது. அமுக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். பிறகுதான் உறைத்தது, இது நனைந்து போகிற சரக்கு இல்லை என்று. அவனுக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கும்போதே கண் கலங்கியது.

பாட்டிலை வெளியே எடுத்தான். ஈரத்தில் வழுக்கியது. வேட்டியால் துடைத்தான். துடைக்கிற சாக்கில் மூடியை ஒரு திருகு திருகினான். சீல் உடைந்தது. கொஞ்சம் கையிலும் வாளியிலும் சிந்தியது. வீடு முழுக்க அந்த வாசம் எழுந்து நின்றது, பழைய விருந்தாளி மாதிரி, கேட்காமலே, உரிமையோடு.

அவனை அப்படியே விட்டுவிட்டுக் கொஞ்சம் கம்பெனிப் பக்கம் போய் வருவோம், பிள்ளைகளா. பயப்பட வேண்டாம், வந்துவிடலாம்.

அதே காற்று அங்கேயும் அடித்தது. சொர்ணம் சரவெடி பின்னுகிற ஷெட்டில் வேலை. பட்டாசு ஷெட்டைப் பார்த்திருக்கிறீர்களா? சின்ன அறைதான், ஆனால் நாலு புறமும் கதவு. எல்லாம் வெளிப்பக்கமாகத் திறக்கிற கதவு. உள்ளே ஆள் இருக்கும்வரை ஒரு கதவையும் சாத்தக் கூடாது. வேலைக்குச் சேர்ந்த அன்று எவருக்கும் முதலில் சொல்லிக்கொடுப்பது அதைத்தான். அன்றைக்குக் காற்று மேற்குப் பக்கத்துக் கதவு வழியாகப் புழுதியைக் கொண்டுவந்து பெண்கள் கண்ணில் போட்டது. பின்னி வைத்த சரத்தைப் புரட்டியது. சொர்ணம் எழுந்து வெளியே போய் அந்தக் கதவைச் சாத்தி, கல்லை அண்டக் கொடுத்துவிட்டு, பக்கத்துக் கதவு வழியாக வந்து உட்கார்ந்தாள். எல்லோரும், "அப்பாடா" என்றார்கள்.

சூப்பர்வைசர் சங்கரபாண்டியன் அந்தப் பக்கமாக வந்தார். நின்றார். அவர் முகம் கறுத்தது.

"யாரு சாத்தினது?"

"நான்தான் அண்ணாச்சி. மண்ணு வாரி அடிக்கி."

"உள்ள ஆளை வச்சுக்கிட்டுக் கதவைச் சாத்துவியா நீ?"

"ஒரு கதவுதான அண்ணாச்சி. மத்ததெல்லாம் தொறந்துதான் கெடக்கு."

"ஓடுறவளுக்கு அந்த ஒண்ணுதான் கிட்ட இருக்கும்! நாலு கதவு எதுக்கு வச்சிருக்கு, உங்களுக்குக் காத்து வரவா? சொல்லு. ஒண்ணு ஆயிப்போச்சுன்னா எந்தப் பக்கம் ஓடுவ?" கல்லைக் காலால் எற்றிக் கதவைத் திறந்துவிட்டார். "எத்தனை வருசமா வேலை பாக்க? புதுசா வந்தவ செஞ்சா சொல்லிக் குடுக்கலாம். நீ வீட்டுக்குப் போ. நாளைக்குப் புத்தியோட வா."

கூட இருந்தவள் ஒருத்தி, "இன்னைக்கு மட்டும் விட்டுருங்க அண்ணாச்சி, வீட்டு ஞாபகத்துல செஞ்சிருப்பா" என்றாள். அவர் கேட்கவில்லை. கேட்காததும் சரிதான்.

பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு வந்த சொர்ணத்துக்கு முதலில் அழுகை, பிறகு ஆத்திரம். மினி பஸ்ஸில் நின்றுகொண்டு வந்தாள். கையை இடுப்பில் வைத்தபோது முந்தானை முடிச்சில் சாவி குத்தியது. எந்தப் பக்கம் ஓடுவ? அண்ணாச்சியின் குரல் காதை விட்டுப் போகவில்லை. தன் வீட்டை நினைத்தாள். ஒரு கதவு. அதில் தன் கையால் போட்ட பூட்டு. உள்ளே அவர். கேஸ் அடுப்பு உள்ளே. போன் தன் பையில். பஸ் நின்றதும் இறங்கினவள், தெருவுக்குள் வரும்போது கிட்டத்தட்ட ஓடினாள்.

பூட்டில் சாவி நுழைகிற சத்தம் கேட்டபோது, ராஜபாண்டியன் வாளிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். ஒரு கையில் பாட்டில், ஒரு கையில் மூடி. மறைக்க நேரமில்லை. மறைக்கவும் தோன்றவில்லை.

சொர்ணம் வாசலிலேயே நின்றாள். கையில் பூட்டு தொங்கியது.

"குடிக்கல," என்றான் அவன்.

இந்த வார்த்தையை அவள் எத்தனை தடவை கேட்டிருப்பாள்! கீழே விழுந்து கிடந்தபோதும் இதைத்தான் சொல்வான். கிட்டே வந்தாள்.

"ஊதுங்க."

ஊதினான். அவள் மோந்து பார்த்தாள். வீடே நாறிக்கொண்டிருந்தது, கையில் சிந்தியிருந்தது, வாளித் தண்ணீரும் நாறியது. அவன் மூச்சு எது, பாட்டில் எது என்று பிரிக்க முடியவில்லை. மறுபடி ஊதச் சொன்னாள். மறுபடியும் தெரியவில்லை. இத்தனை வருஷமாக அவளுக்குத் துணையிருந்த மூக்கு அன்றைக்குக் கைவிட்டுவிட்டது.

"யாரு குடுத்தா?"

"முனியா."

"சன்னல்லயா?"

"ம்."

"எதுக்குத் தொறந்தீக?"

அவன் பாட்டிலைப் பார்த்தான். "தெரியல சொர்ணம். கீழ ஊத்தவா, வாயில ஊத்தவான்னு எனக்கே தெரியல. நீ வராட்டிப் போனா தெரிஞ்சிருக்கும்."

அவள் ஜன்னலைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். தகரம் என்று சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தான். அவளோ சுவரோடு சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீ எப்படி இந்நேரத்துக்கு வந்த?" அப்போதுதான் அவனுக்குக் கேட்கத் தோன்றியது.

"வெளிய அனுப்பிட்டாக. காத்தா அடிச்சுது, ஷெட்டுக் கதவைச் சாத்திட்டேன்."

ராஜபாண்டியன் பாட்டிலைத் தரையில் டக்கென்று வைத்தான். மருந்து கலக்குகிறவன் ரத்தம் அவனுக்கு.

"கிறுக்கியா நீ? உள்ள ஆள் இருக்கையிலயா சாத்தின? எத்தனை பேரு இருந்தாக உள்ள? எவளாவது ஒருத்தி இழுத்துப் பின்னி, உரசித் தீப் பிடிச்சிருந்தா என்ன செஞ்சிருப்ப? கதவைச் சாத்தலாமா? ஆளை உள்ள வச்சுக் கதவை…"

பாதியில் நின்றுவிட்டான்.

இருவரும் அவள் மடியில் கிடந்த பித்தளைப் பூட்டைப் பார்த்தார்கள். திறந்த கதவு காற்றில் ஆடி ஆடி இடித்துக்கொண்டிருந்தது. சொர்ணத்துக்கு முதலில் தோள் குலுங்கியது. அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரிந்திருக்காது.

பிறகு எழுந்து ஸ்டூலைப் போட்டு ஏறினாள். பரண் மேலிருந்து அவன் செருப்பை எடுத்துக் கீழே போட்டாள். தூசி பறந்தது.

"போங்க. கொண்டு போய் எங்கனயாவது ஊத்திட்டு வாங்க."

"நீயும் வா."

"நான் வரல."

"சொர்ணம், இதைக் கையில குடுத்து என்னைத் தனியா விடாத."

"நான் எத்தனை நாளைக்குக் கூட வருவேன்?" என்றாள். "சன்னல அடைச்சா கூரை ஓட்டைப் பிரிச்சு உள்ள போடுவான் அந்த முனியா. போங்க."

"நான் திரும்பி வரலன்னா?"

"வரலன்னா நான் என்ன செய்ய? சோறுதான் ஆறிப்போகும்."

அவன் மூடியைத் திருகி இறுக்கினான். செருப்பை மாட்டினான். இத்தனை மாதம் கழித்து மத்தியான வெயில் தலையில் விழுந்ததும் கண் கூசிற்று. அவன் வாசலை விட்டு இறங்கியதும் சொர்ணம் அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் எந்தப் பக்கம் திரும்பினான் என்று பார்க்கக் கூடாது என்று நினைத்தாள். பார்த்தால் ஓடிப்போய்ப் பிடித்துவிடுவாள்.

சட்டியிலிருந்த புளிக்குழம்பை எடுத்துப் பார்த்தாள். நன்றாகத்தான் வைத்திருந்தான். வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு வாளியைக் கழுவினாள். ஊற்றிய தண்ணீர் வாசல் சாக்கடைக்குப் போனது. எதிர்வீட்டில் யாரோ மூக்கைச் சுளிப்பது தெரிந்தது. சுளிக்கட்டும்.

ஹர்ஷினி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து திறந்து கிடந்த கதவைப் பார்த்ததும் பையைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அம்மா! அப்பா எங்க? ஓடிட்டாரா?"

"நடக்கப் போயிருக்காரு," என்றாள் சொர்ணம். அந்த வார்த்தையைச் சொன்ன பிறகுதான் வெயில் எங்கே இருக்கிறதென்று வாசலை எட்டிப் பார்த்தாள். எவ்வளவு நேரமாயிற்று?

மேற்கே வெயில் சாய்கிற நேரத்துக்கு அவன் வந்தான். முழங்கால் வரை அணைக்கட்டுக் களிமண். ஆடியில் அணையில் தண்ணீர் நடுவே கொஞ்சம்தான் கிடக்கும். அது வரை இறங்கிப் போயிருக்கிறான். கையில் பாட்டில் இல்லை. வாசலில் நின்று, "ஊதவா?" என்றான்.

சொர்ணம் அவன் முகத்தையே பார்த்தாள். ஊதச் சொல்ல நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"காலைக் கழுவிட்டு வாங்க. பிள்ள பசியோட இருக்கா."

மறுநாள் வேன் ஹாரன் கேட்டபோது அவள் கதவை வெறுமனே சாத்திவிட்டுப் போனாள். தெருமுனை வரை திரும்பிப் பார்க்காமல் போக அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கும் ஆசைதான், கண்ணுகளா. ஆனால் அன்றைய மத்தியானம் அவனுக்கு முன்னெப்போதும்விடப் பொல்லாததாக இருந்தது. காய் நறுக்கினான், சமைத்தான், சாப்பிட்டான். பிறகு கதவில் சாய்ந்து உட்காரப் போனான். சாய்ந்ததும் கதவு திறந்துகொண்டது. தடுமாறி வாசலில் கையூன்றினான். இனிச் சாய்ந்துகொள்ள ஒன்றுமில்லை. விலக்குப் பக்கமிருந்து வேன் ஹாரன் கேட்டது, முனியராஜ் கூட்டம்தான். நாக்கில் நீர் ஊறியது. உள்ளே ஓடிப்போய்த் தாழ்ப்பாளைப் போட்டுக்கொள்ளலாம் என்று தோன்றியது.

காற்று ஒரு வீச்சு வீசி, கதவை அவன் முகத்துக்கு நேரே அறைந்து சாத்தியது.

அவன் எழுந்தான். உள்ளே போய், அடுப்படியிலிருந்த குழவிக்கல்லை இரண்டு கையாலும் தூக்கி வந்து, கதவை முழுக்கத் திறந்து, அதன் அடியில் அண்டக் கொடுத்தான். ஆட்டிப் பார்த்தான். அசையவில்லை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் இறங்கி, கொஞ்ச நேரம் நின்று, வலப்பக்கம் திரும்பினான்.